இரண்டு லெட்

அஸ்தம்பட்டியில் என் அறை, ஜெராக்ஸ் கடைக்கு மேல்.
பத்திரம் வந்த அன்று கரண்ட் இல்லை.
சன்னலோரம் வைத்துப் படித்தேன்:
ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம், அதற்குள் ஒரு சுனை,
துரை ஒருவரின் சாய்ந்த கையெழுத்து.
மொழிபெயர்க்கப் பக்கத்துக்கு முந்நூறு. முத்திரை தனி.

ஐந்தாம் பத்தி சொன்னது:
தோட்டத்துக்கு உடையவர் மலைச்சனங்களைச்
சுனையிலிருந்து லெட் செய்யலாகாது.

விடக்கூடாது, என்று எழுதினேன்.
எனக்கு முன்னால் எழுதியவரும் அப்படித்தான் எழுதியிருந்தார்,
அவருக்கு முன்னால் இருந்தவரும்.
மூன்று மொழிபெயர்ப்பு, ஒரே முள்வேலி.

உறுத்தியது அந்த 'இருந்து'.
சுனைக்கு விடாதே என்றால் சரி.
சுனையிலிருந்து விடாதே என்றால்?
உள்ளே போனவர்களைப் பூட்டி வைப்பதா?
சின்ன உருபு. செருப்புக்குள் கல்.

சாயங்காலம் மகளைக் கூட்டிவர
காந்தி ஸ்டேடியம் போனேன்.
ஆட்டத்தின் நடுவே பக்கத்துக் கோர்ட்டின் இறகுப்பந்து
வழிதவறி வந்து குறுக்கே விழுந்தது.
கோச் கையை உயர்த்தினார்: லெட்!
எல்லாம் நின்றது.
விடவில்லை யாரும் எதையும். நின்றது.

வண்டியை எப்படி ஓட்டி வந்தேனோ.
பெரிய அகராதியில்
லெட்: தடு, மறி, குறுக்கே நில்.
பக்கத்தில் ஒரு கத்திக்குறி. வழக்கொழிந்தது.
அதே பக்கத்தில், அதே முகத்தோடு
லெட்: விடு, இடங்கொடு, போகட்டும் என்றிரு.
பிறக்கையில் வேறு வேறு சொற்களாம்.
வாய்கள் தேய்த்துத் தேய்த்து ஒன்றாக்கி,
பிறகு ஒன்று மற்றதைத் தின்றுவிட்டது.
மிச்சம் வைத்த எலும்பு ஒன்று என் பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறது:
லெட்டும் இடையூறும் இல்லாமல்
இவரைப் போக விடவும், என்று.
எட்டு வருடமாக பீரோவில். படித்ததில்லை.
எங்கும் போனதுமில்லை.

தடுக்கக்கூடாது, என்று திருத்தினேன்.
வழக்கொழிந்த சொல்லுக்காக ஒரு வழக்கு தொடங்கியது.

தோட்டத்தரப்பு வக்கீல் நல்லசிவம் எழுந்தார்.
"மேடத்தின் அகராதி சரியாகவே இருக்கட்டும்.
வழங்குவதால்தானே சொல்லுக்குப் பொருள்?
நூற்றிருபது வருடமாக விடாதே என்றே வழங்கி வருகிறோம்.
வழக்கம்தான் பொருள், யுவர் ஆனர்."

அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.
ஏனென்றால் அது என் கட்சி.
செத்த பொருளைத் தோண்டி எடுத்து வந்து
அதற்கும் இலை போடச் சொல்கிறவர்களோடு
இருபது வருடமாகச் சண்டை போட்டவள் நான்.
என் சட்டை அவருக்கு
தைத்தது போல் இருந்தது.

அப்புறம் சாட்சிக் கூண்டில் தீர்த்தாயி,
நாகலூர்ப் பக்கம். நாற்பது இருக்கும்.
மிளகு பறித்த விரல்களைக் கட்டையில் ஊன்றி நின்றாள்.
இத்தனை வருஷம் தண்ணீருக்கு என்னம்மா செய்தீர்கள், என்றார் நீதிபதி.

"அங்கதானுங்க எடுத்தோம்."
எங்கே?
"சுனையிலதான். ராத்திரியில.
வேலிக்கு அடியில நாய் போற தடம் ஒண்ணு இருக்குதுங்க.
எங்கம்மா அதுல போனா. நான் போறேன்.
நேத்தும் போனேன்."

கோர்ட்டில் மின்விசிறி மட்டும் பேசியது.
அவளுடைய வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.
நல்லசிவம் பேனாவைத் திறந்தார்;
அத்துமீறல் என்று குறித்திருப்பார்.
வாய்தா ஆடி கழிந்து.

பத்திரம் எழுதிய துரையைத் தெரியாது அவளுக்கு,
உருபு தெரியாது, கத்திக்குறி தெரியாது.
பகலெல்லாம் ஒரு பொருள் வேலி காத்து நிற்க
இன்னொன்று இருட்டியதும்
முழங்காலில் தவழ்ந்து, குடத்தை முன்னால் தள்ளி,
முதுகில் கம்பி கிழிக்கக் கிழிக்க
போய் வந்திருக்கிறது.

இரவு அகராதியை எடுத்தேன்.
அந்தக் குறியை பால்பாயிண்டால் அடித்தேன்,
நூலகத்துப் புத்தகம், பரவாயில்லை,
ஓரத்தில் எழுதினேன்:
வழக்கில் உள்ளது.
எந்தப் பொருளில் வேண்டுமானாலும்
படித்துக்கொள்ளட்டும்.